ஆற்றுப்படுத்தலும் அடையாள ஏற்பும்: ஜவ்வாது மலை அமிர்திப் பின்புலத்தில் தன்பாலீர்ப்பினர்க்கான உளவள அணுகுமுறைகள்

ஆய்வுச் சுருக்கம்

தன்பாலீர்ப்பு நோயன்று என்பது மருத்துவத்துறையிலும் இந்தியச் சட்டத்திலும் நிலைபெற்றுவிட்டது. எனினும், ‘கவுன்சலிங்’ என்னும் பெயரால் அவ்வீர்ப்பை மாற்ற முயலும் போக்கு இன்னும் மறையவில்லை. வேலூர் மாவட்டம் தொடர்பாக 2025-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்குச் சான்றாகும். இக்கட்டுரை அத்தீர்ப்பையும், அதற்கு முன்னர் அமைந்த 2021, 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு, தன்பாலீர்ப்பினர் தம்மை ஏற்று வாழத் துணைசெய்யும் உளவள அணுகுமுறைகளை விளக்குகிறது. ஆற்றுப்படை, வெறிவிலக்கல், அறத்தொடு நிற்றல் ஆகிய தமிழ் இலக்கியக் கருத்தாக்கங்கள் இவ்விளக்கத்திற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. அமிர்தி போன்ற மலையடிவார ஊர்களில் இவ்வணுகுமுறைகள் எவ்வாறு தகவமைக்கப்பட வேண்டும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தன்பாலீர்ப்பு, ஆற்றுப்படுத்தல், அடையாள வளர்ச்சி, சிறுபான்மையர் அழுத்தம், அறத்தொடு நிற்றல், அமிர்தி, ஜவ்வாது மலை.

1. முன்னுரை

வேலூர் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. காட்டாறும் அருவியும், 1967-இல் தொடங்கப்பட்ட உயிரியல் பூங்காவும் இவ்வூரைச் சுற்றுலாப் பயணியர்க்கு அறிமுகப்படுத்தியுள்ளன. இங்கிருந்து மேலேறினால் மலையாளி பழங்குடியினர் வாழும் மலையூர்கள் உள்ளன. கீழிறங்கினால் மருத்துவக் கல்லூரிகளும் நீதிமன்றங்களும் உள்ள மாவட்டத் தலைநகர் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர் என்ற நிலையே இக்கட்டுரை அமிர்தியைப் பின்புலமாகக் கொள்வதற்குக் காரணமாகும்.

தன்பாலீர்ப்பினர் குறித்த ஆய்வுகளும் அவர்களுக்கான உதவி அமைப்புகளும் பெரும்பாலும் பெருநகரங்களையே மையமாகக் கொண்டுள்ளன. உறவினர் நெருங்கி வாழும் சிற்றூரில், ஒரே கைப்பேசியைக் குடும்பத்தார் பலர் பயன்படுத்தும் வீட்டில், தம் ஈர்ப்பை உணரத் தொடங்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ யாரிடம் பேசுவார், பேசினால் என்ன மறுமொழி பெறுவார் என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. அந்த முதல் மறுமொழியே அவருடைய தன்மதிப்பையும் சில வேளைகளில் உயிரையும் முடிவுசெய்வதாக அமைகிறது. ஆதலின், ஆற்றுப்படுத்துநரின் பணி எது, எது அன்று என்பதைத் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது.

2. ஆற்றுப்படுத்தல்: சொல்லும் பொருளும்

‘கவுன்சலிங்’ என்னும் சொல்லுக்கு ‘ஆலோசனை’, ‘உளவளத்துணை’, ‘ஆற்றுப்படுத்தல்’ ஆகிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. இவற்றுள் ‘ஆற்றுப்படுத்தல்’ நெடிய இலக்கியப் பின்னணி உடையது. ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழியில் செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையுற்று எதிர்வரும் கலைஞர்க்குத் தாம் சென்ற வழியை எடுத்துரைப்பதை ஆற்றுப்படையின் இலக்கணமாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின.

அவ்வைந்தனுள் மலைபடுகடாம் இக்கட்டுரைக்குக் களத்தாலும் நெருக்கமானது. 583 அடிகள் கொண்ட இந்நூலின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனின் ஊர் செங்கண்மா. அது ஜவ்வாது மலையை அடுத்துள்ள இன்றைய செங்கம் எனக் கொள்ளப்படுகிறது. நூலில் இடம்பெறும் சேயாறு இம்மலையிலேயே தோன்றுகிறது. பெருங்கௌசிகனார் காட்டும் கூத்தன், மலைவழியின் இடர்களை மறைப்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை ஆகியவற்றைக் கூறி எச்சரிக்கிறான். எங்குத் தங்கலாம், யார் விருந்தோம்புவர் என்பதையும் கூறுகிறான்.

இவ்வமைப்பிலிருந்து மூன்று கூறுகளைப் பெறலாம். முதலாவது, நடப்பவர் கேட்பவரே. கூறுபவர் அவரைச் சுமந்து செல்வதில்லை. இரண்டாவது, இடர்களும் தங்குமிடங்களும் ஒருங்கே கூறப்படுகின்றன. அச்சுறுத்தலுமில்லை, பொய்யான ஆறுதலுமில்லை. மூன்றாவது, கேட்பவர் வேறொருவராக மாற வேண்டுமென்று கூறுபவர் எதிர்பார்ப்பதில்லை. கூத்தர் கூத்தராகவே செல்கின்றார். தன்பாலீர்ப்பினர்க்கான உளவள அணுகுமுறையின் அடிப்படையும் இதுவே. ஆற்றுப்படுத்தல் வேறு; மாற்றப்படுத்தல் வேறு. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது உதவி துன்புறுத்தலாகிவிடுகிறது.

3. நோய்ப்பட்டியலிலிருந்து நீங்கிய வரலாறு

ஆற்றுப்படுத்துநர் அறிவியல் வரலாற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். நாடி வருபவரின் முதல் வினா பெரும்பாலும் ‘இது நோயா?’ என்பதேயாகும். 1957-இல் அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர், தன்பாலீர்ப்புடைய 30 ஆண்களும் எதிர்பாலீர்ப்புடைய 30 ஆண்களும் அளித்த உளச்சோதனை விடைகளைப் பெயரின்றி வல்லுநர்களிடம் வழங்கினார். எவை யாருடையவை என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. அதற்கு முந்தைய ஆய்வுகள் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இருந்தோரையே கொண்டு பொதுமுடிவு கண்டிருந்தமையை இவ்வாய்வு வெளிப்படுத்தியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்று ஏற்ற பத்தாம் பதிப்பு நோய் வகைப்பாட்டிலும் அது நோயாக இடம்பெறவில்லை.

எனினும், அப்பத்தாம் பதிப்பில் ஒரு வாயில் திறந்தே இருந்தது. தம் ஈர்ப்பு வேறாக இருக்க வேண்டுமென விரும்பி வருந்துவோர் நிலை, தனியொரு குறியீட்டின்கீழ்க் கோளாறாகத் தொடர்ந்தது. சமூகம் வெறுப்பதால் எழும் வருத்தத்தை அவ்வருத்தத்திற்கு உள்ளானவரின் நோயாகக் கொண்ட இப்பிரிவு, 2019-இல் ஏற்கப்பட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பிலேயே முற்றாக நீங்கியது. முன்னைய பாடநூல்களைப் பயின்ற மருத்துவர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் இம்மாற்றத்தை அறிந்துகொள்ளுதல் தேவை.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இரு வகையில் குறிப்பிடத்தக்கது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய விழுமியங்களோடு ஒருவர் ஒத்துப்போகாமையை மனநோய்க்கான அளவுகோலாகக் கொள்ளலாகாது என மூன்றாம் பிரிவு கூறுகிறது. பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடின்றி மனநலப் பராமரிப்புப் பெறும் உரிமையைப் பதினெட்டாம் பிரிவு அளிக்கிறது. இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018-இல் தன்பாலீர்ப்பு நோயன்று என வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவினின்று, வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவை விலக்கியது.

4. வெறியாட்டும் வெறிவிலக்கலும்

அறிவியலும் சட்டமும் இவ்வாறு தெளிவுபட்ட பின்னரும் குடும்பங்களுக்குள் நிகழ்வது வேறாக உள்ளது. அமிர்தி அமைந்துள்ள அதே வேலூர் மாவட்டத்தில், 25 வயதுடைய பெண்ணொருவர் தம் குடும்பத்தாரால் அடைத்துவைக்கப்பட்டுள்ளதாக அவருடைய தோழி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் ஆகியோர் கொண்ட அமர்வு, 2025 மே 22 அன்று அப்பெண்ணை நேரில் விசாரித்தது. தாம் மனுதாரருடன் வாழ விரும்புவதாகவும், தம்மைப் பலவந்தமாக வீட்டிற்கு அழைத்துச் சென்று அடித்ததாகவும், ‘இயல்பாக்குவதற்காக’ச் சில சடங்குகளுக்கு உட்படுத்தியதாகவும் அவர் கூறினார். மகளைத் திசைதிருப்பியவர் மனுதாரரே எனத் தாயார் குற்றஞ்சாட்டினார்.

தாயின் மனநிலையைப் புரிந்துகொள்ள முடிவதாகக் கூறிய நீதிமன்றம், வயதுவந்த மகளின் விருப்பமே முதன்மையானது எனத் தீர்மானித்தது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்பது சட்டம் ஏற்கும் கருத்தே என்றும் விளக்கியது. காவல்துறையினரின் செயலின்மையைக் கண்டித்ததோடு, இருவர்க்கும் தேவைப்படும்போது பாதுகாப்பளிக்கவும் ஆணையிட்டது.

இவ்வழக்கில் பேசப்படும் சடங்குகள், அகப்பாடல் பயின்றோர்க்கு வெறியாட்டை நினைவூட்டக்கூடும். தலைவியின் மெலிவைக் கண்ட தாய், அதன் காரணத்தை மகளிடம் கேட்பதில்லை; அது முருகனால் நேர்ந்த அணங்கு எனக் கொண்டு வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். மகளின் நிலை காதலால் வந்தது. தாய் அதனை நோயாகக் காண்கிறாள். இப்பிழையறிவைத் தடுப்பது தோழியின் பணி. அத்துறையை வெறிவிலக்கல் என்பர். அகப்பாடல்கள் பேசுவது ஆண்பெண் காதலையே என்பதும், அவற்றைத் தன்பாலீர்ப்புக்கான வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதும் உண்மை. ஆனால் அன்பை நோயெனப் பிழைபடக் கருதும் குடும்பமும், அப்பிழையைத் தடுக்கும் துணையும் ஆகிய உறவமைப்பைத் தமிழ் மரபு அறிந்திருந்தது என்பதை அவை காட்டுகின்றன.

இன்று சடங்கின் இடத்தில் மாத்திரையும், மின்னதிர்ச்சியும், மீண்டும் மீண்டும் நடத்தப்படும் ‘அறிவுரை’ அமர்வும் வரக்கூடும். வடிவம் எதுவாயினும் நோக்கம் ஒன்றே. இம்முயற்சிகள் ஈர்ப்பை மாற்றுவதற்குப் போதிய சான்றில்லை என 2009-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு முடிவுசெய்தது. அவை மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் முதலிய தீங்குகளோடு தொடர்புடையன என்பதும் அறியப்பட்டுள்ளது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில், ஈர்ப்பை மாற்றும் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என அறிவித்தது. இவ்வாறு வெறிவிலக்கல், இன்று தொழில் அறமாகவும் நிலைபெற்றுள்ளது.

5. ஒரே சொல், இரு பயன்பாடுகள்

மேற்கண்ட அறிவிப்புக்கு வழிவகுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டு வழக்காகும். மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், குடும்பத்தாரின் எதிர்ப்பினால் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரினர். ‘காணாமற்போனோர்’ புகாரின் பேரில் காவல்துறையினர் அவர்களை விசாரித்து வந்தனர். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அவ்விருவரையும் பெற்றோரையும் உளவியலாளர் ஒருவரைச் சந்திக்கச் செய்தார். இரு பெண்களும் தம் உறவைக் குறித்து முழுத் தெளிவுடன் இருப்பதாக உளவியலாளர் அறிக்கையளித்தார். பெற்றோர்க்கோ ஊர் என்ன சொல்லும் என்பதும், மகளிரின் பாதுகாப்பும் பெருங்கவலைகளாக இருந்தன. ஒரே பாலினத் துணையுடன் வாழ்வதைக் காட்டிலும், மகள் துணையின்றித் தனித்து வாழ்வதே மேல் என்பது அவர்கள் எண்ணமாக இருந்தது.

இதன்பின் நிகழ்ந்ததே குறிப்பிடத்தக்கது. தன்பாலீர்ப்பைத் தாம் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதை உணர்ந்த நீதிபதி, 2021 ஏப்ரலில் தாமும் அவ்வுளவியலாளரிடம் அமர்ந்து விளக்கம் பெற விரும்புவதாகப் பதிவுசெய்தார். அதன் பின்னரே ஜூன் 7 அன்று விரிவான ஆணை வழங்கினார். வயதுவந்தோர் தம் விருப்பப்படி வாழ்வது உறுதியானவுடன் காணாமற்போனோர் புகாரைக் காவல்துறை முடித்துவைத்தல், ஈர்ப்பை மாற்ற முயலும் மருத்துவத்துறையினர் மீது நடவடிக்கை, காவலர்க்கும் நீதித்துறையினர்க்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் பெற்றோர்க்கும் விழிப்புணர்வுப் பயிற்சி ஆகியன அவ்வாணையில் அடங்கும். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் காவலர் நடத்தை விதிகளைத் திருத்தியது. அவமதிப்பற்ற தமிழ்க் கலைச்சொற்களின் பட்டியலையும் அதே ஆண்டு வெளியிட்டது.

இதற்கு மறுபக்கமாக அமைந்தது 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. கேரளத்திலிருந்து எழுந்த அவ்வழக்கில், பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்டவராகக் கூறப்பட்ட பெண்ணை ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்ப உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. இத்தகைய ஆணைகள், தன்பாலீர்ப்பினரின் விருப்பத்தை முறியடிக்கும் கருவியாகிவிடலாம் என உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. ஆட்கொணர்வு, பாதுகாப்பு மனுக்களில் ஈர்ப்பையோ அடையாளத்தையோ மாற்றும் நோக்கில் ‘கவுன்சலிங்’குக்கு ஆணையிடலாகாது என்று அனைத்து உயர் நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டியது.

இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றற்கொன்று முரணானவை அல்ல. ஆற்றுப்படுத்தல் யாரை நோக்கியது என்பதே அளவுகோல். 2021-இல் மாற வேண்டியவர்கள் அவ்விரு பெண்களல்லர் என்பது தெளிவாயிற்று. புரிந்துகொள்ள வேண்டியவர்கள் பெற்றோரும் காவலரும் நீதிபதியுமே. 2024-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த நடைமுறை, அப்பெண்ணின் விருப்பத்தையே மாற்றத்தக்கதாகக் கொண்டது. ஒருவரை ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்பும்போது, ‘இங்கு மாற வேண்டியது எது?’ என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும்.

6. அடையாள வளர்ச்சிக் கோட்பாடுகள்

ஆஸ்திரேலிய உளவியலாளர் விவியன் காஸ், 1979-இல் தன்பாலீர்ப்பு அடையாளம் உருவாகும் ஆறு படிநிலைகளை முன்வைத்தார். அவை அடையாளக் குழப்பம், ஒப்பீடு, சகிப்பு, ஏற்பு, பெருமிதம், ஒருங்கிணைவு என்பன. ‘நான் இப்படியோ?’ என்னும் ஐயத்தில் தொடங்கி, தன்பாலீர்ப்பு தம் ஆளுமையின் பல கூறுகளுள் ஒன்று என்னும் அமைதியில் நிறைவுறும் பயணம் இது. நாடி வருபவர் எந்நிலையில் உள்ளார் என்பதறிந்து பேச இக்கோட்பாடு உதவுகிறது. குழப்ப நிலையில் உள்ளவரிடம் அடையாளப் பெயரைத் திணிப்பதும், ஏற்பு நிலையில் உள்ளவரிடம் ‘உறுதியாகத் தெரியுமா?’ என வினவுவதும் ஒருங்கே தவறாகும்.

ஆனால் இக்கோட்பாட்டிற்கு வரையறைகள் உண்டு. எல்லோரும் ஒரே வரிசையில் படியேறுவதில்லை. ஊரறிய வெளிப்படுத்துதலை முதிர்ச்சியின் அடையாளமாகக் கொள்வது, தனிமனித வாழ்வு முதன்மை பெற்ற சமூகங்களுக்கே பெரிதும் பொருந்தும். வீடும் வேலையும் உறவும் பிரிக்கவியலாதவாறு பின்னிய சூழலில் ஒருவர் தம்மை முழுமையாக ஏற்றும், பலரிடம் கூறாதிருக்கலாம். அது பாதுகாப்பைக் கருதிய முடிவு, வளர்ச்சிக் குறைபாடன்று.

அந்தனி டி’ஆகெல்லி 1994-இல் வகுத்த வாழ்நாள் வளர்ச்சிக் கோட்பாடு நம் சூழலுக்கு மேலும் ஏற்றது. அது படிகளைக் கூறாமல், ஒன்றோடொன்று இணைந்து நிகழும் ஆறு செயல்முறைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, பெற்றோர்க்குத் தன்பாலீர்ப்புடைய மகளாகவோ மகனாகவோ ஆதல். தம் அடையாளத்தை அறிந்த பெற்றோருடன் உறவை மீட்டமைப்பதும் வளர்ச்சியின் பகுதியே என்பது இதன் கருத்து. மகள், மகன் என்னும் உறவுநிலை வாழ்நாள் முழுவதும் வலுவாகத் தொடரும் தமிழ்ச் சமூகத்தில் இக்கூறு முதன்மை பெறுகிறது.

இலான் மேயர் 2003-இல் விரிவாக்கிய ‘சிறுபான்மையர் அழுத்தம்’ என்னும் கோட்பாடு மூன்றாவது கருவியாகும். தன்பாலீர்ப்பினரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதியாகக் காணப்படுவது ஈர்ப்பினால் அன்று. புறக்கணிப்பு, புறக்கணிக்கப்படுவோம் என்னும் எதிர்பார்ப்பு, ஓயாத மறைப்பு, சமூக வெறுப்பைத் தம்முள்ளே ஏற்றல் ஆகியவற்றால் என்பது அதன் விளக்கம். இக்கோட்பாடு நாடி வருபவரின் வினாவையே திருத்தியமைக்கிறது. ‘எனக்கு என்ன கோளாறு?’ என்பது ‘எனக்கு என்ன நேர்ந்தது?’ என மாறுகிறது. நலம் பெறும் வழி இவ்வினா மாற்றத்தில் தொடங்குகிறது.

7. அமர்வில் பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட கோட்பாடுகளின்படி, ஏற்புநிலை ஆற்றுப்படுத்தலின் நடைமுறை நெறிகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, மொழி. ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’, ‘கணவர் என்ன செய்கிறார்?’ என்பன போன்ற வழக்கமான தொடக்க வினாக்களே வாயிலை மூடிவிடலாம். ‘உங்களுக்கு நெருக்கமானவர் யார்?’, ‘துணை என்று யாரையேனும் நினைப்பதுண்டா?’ என்பன திறந்த வினாக்கள். தம்மைக் குறிக்கும் சொல்லை நாடி வருபவரே தேர்வுசெய்ய வேண்டும். 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பால்புதுமையினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருள் ‘விசித்திரம்’ என்றிருப்பதால் அதனைக் கையாள்வதில் நீதிபதிகள் தயக்கம் தெரிவித்தனர். அச்சொல்லையே விரும்பி ஏற்போரும் பலர். சொல்லின் ஏற்புடைமை, அதைத் தாங்குபவரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, மறைகாப்பு. நாடி வருபவர் கூறியதை அவருடைய இசைவின்றிப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுதல் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் மறைகாப்பு உரிமையை அளிக்கிறது. கட்டணம் செலுத்துபவர் தந்தையே ஆயினும், வயதுவந்த மகளின் சொற்கள் மகளுக்கே உரியன.

மூன்றாவது, நோய்க்குறிகளையும் அடையாளத்தையும் பிரித்தறிதல். உறக்கமின்மை, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருப்பின் அவற்றிற்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட வேண்டும். ஈர்ப்பு சிகிச்சைக்குரிய பொருளாகாது. இதன் மறுதலையும் கவனத்திற்குரியது. தேர்வு அச்சத்திற்கு உதவி நாடி வந்தவரிடம் அவருடைய ஈர்ப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் முறையன்று.

நான்காவது, உள்ளேற்ற வெறுப்பைக் களைதல். ‘நான் மட்டுமே இப்படி’, ‘நான் குடும்பத்திற்குச் சாபம்’ என்னும் நம்பிக்கைகளை மறுத்துரைப்பதனால் மட்டும் பயனில்லை. அவை யாரிடமிருந்து, எப்போது வந்தன, அவற்றிற்கு மாறான அனுபவங்கள் உண்டா என நாடி வருபவரோடு சேர்ந்து ஆராய வேண்டும். தம்மைப் போன்றோர் இயல்பான வாழ்வு வாழ்வதை அறிதல் இதில் பேருதவி புரியும். சென்னையில் இயங்கும் ஓரினம், சகோதரன் போன்ற அமைப்புகளின் பணி இவ்வகையில் மதிப்புடையது.

ஐந்தாவது, திருமண நெருக்கடி. நம் சூழலில் அடையாள நெருக்கடி முற்றுவது பெரும்பாலும் வரன் பார்க்கத் தொடங்கும்போதே. ‘திருமணம் செய்தால் சரியாகிவிடும்’ என்னும் அறிவுரை, நாடி வருபவரையும் எதுவும் அறியாமல் மணக்கவிருக்கும் மற்றொருவரையும் துன்பத்திற்கு உள்ளாக்கும். அறிவுரைப்பவர் நேரில் காணாத அந்த மூன்றாமவரின் வாழ்வும் ஆற்றுப்படுத்துநரின் பொறுப்பில் அடங்கும்.

ஆறாவது, தன்னாய்வு. ஆற்றுப்படுத்துநர் தம் உள்ளத்தில் உறைந்த முன்முடிவுகளை ஆராய வேண்டும். தாம் அறியாததை அறிய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அமர்வில் அமர்ந்தது இதற்குச் சிறந்த முன்மாதிரி. மும்பையிலுள்ள மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் போன்ற நிறுவனங்கள் மனநலப் பணியாளர்க்கு இவ்வகைப் பயிற்சியை அளித்து வருகின்றன. தமிழில் இத்தகைய பயிற்சிகள் பெருக வேண்டும்.

8. குடும்பமும் அறத்தொடு நிற்றலும்

குடும்பத்தின் ஏற்பும் மறுப்பும் உயிரோடு தொடர்புடையன. கெய்ட்லின் ரயனும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவில் 21 முதல் 25 வயது வரையுள்ள 224 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவத்தில் குடும்பத்தாரால் மிகுதியாகப் புறக்கணிக்கப்பட்டவர்கள், புறக்கணிப்பைச் சிறிதளவே சந்தித்தவர்களைக் காட்டிலும் 8.4 மடங்கு மிகுதியாகத் தற்கொலைக்கு முயன்றதாகத் தெரிவித்திருந்தனர். அயல்நாட்டு ஆய்வாயினும், அது சுட்டும் திசை நாமும் கருதத்தக்கது.

குடும்பத்திடம் வெளிப்படுத்துதலை ஒரே நாளில் நிகழும் அறிவிப்பாகக் கருத வேண்டுவதில்லை. அகமரபில் அறத்தொடு நிற்றல் படிப்படியாக நிகழ்வது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையை உணர்த்துவர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும், தோழி செவிலிக்குக் கூறும் அறத்தொடு நிலையே. இவ்வமைப்பில் மூன்று நுட்பங்கள் உள்ளன. செய்தி நம்பகமானவர் வழியே செல்கிறது. கடுமையாக எதிர்க்கக்கூடியவர் இறுதியில் அறிகிறார். அவர் அறியும்போது தலைவிக்குத் துணையாக ஏற்கனவே மூவர் நிற்கின்றனர்.

இவ்வமைப்பை ஆற்றுப்படுத்தலில் பயன்படுத்தலாம். வீட்டில் செவிலியின் இடத்தில் நிற்கக்கூடியவர் யார்? அவர் அக்காவோ, சித்தியோ, தாய்மாமனோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரோ ஆகலாம். அவர் எவ்வாறு எதிர்வினை புரிவார்? மறுத்தால் தங்குவதற்கு இடம் உண்டா? கையில் பணமும், கல்விச் சான்றிதழும், அடையாள அட்டையும் உள்ளனவா? இவ்வினாக்களுக்கு விடை கிட்டிய பின்னரே வெளிப்படுத்துதலைக் குறித்து எண்ண வேண்டும். வெளிப்படுத்தாதிருத்தலும் ஏற்கத்தக்க முடிவே. இங்குத் தோழியின் நிலையில் இருப்பவர் ஆற்றுப்படுத்துநர். ஆனால் தலைவியின் இசைவின்றித் தோழி பேசுவதில்லை என்பதும் மரபே.

பெற்றோர்க்கும் தனி அமர்வுகள் தேவை. அவர்களுடைய சினத்தின் அடியில் பெரும்பாலும் அச்சமும் இழப்புணர்வும் உள்ளன. எதிர்பார்த்த திருமணம், பேரக்குழந்தை, ஊராரின் மதிப்பு ஆகியவற்றை இழந்ததாக அவர்கள் வருந்துகின்றனர். ‘எங்கள் வளர்ப்பில் என்ன தவறு?’ என்னும் குற்றவுணர்வுக்கு, தவறேதும் இல்லை என்னும் தெளிவான விடை தரப்பட வேண்டும். அவர்கள் வருந்துவதற்குக் காலம் அளிக்கலாம். அடிப்பதற்கும் அடைத்துவைப்பதற்கும் இடமளிக்கலாகாது. வன்முறை நிகழும் இடத்தில் குடும்ப அமர்வு நிறுத்தப்பட்டு, பாதுகாப்பே முதன்மையாக்கப்பட வேண்டும்.

9. அமிர்திச் சூழலில் நடைமுறை

அமிர்தியைச் சுற்றியுள்ள பகுதிக்கு உரிய வளங்கள் இல்லாமலில்லை. வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950-கள் தொட்டு இயங்கி வருகிறது. நோயருடன் குடும்பத்தாரும் தங்கிப் பங்கேற்கும் முறைக்கு அது பெயர்பெற்றது. அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். அடைத்துவைத்தல் போன்ற நிலைகளில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசச் சட்ட உதவி அளிக்கும்.

இடைவெளி இவ்வளங்களுக்கும் அவற்றை நாட வேண்டியவர்க்கும் இடையே உள்ளது. பேருந்தில் யாருடன் எதற்காகச் செல்கிறாய் என்னும் வினாவுக்கு விடை கூறாமல் ஓர் இளம்பெண் நகருக்குச் செல்ல இயலாது. ஆண்களுக்கு ஓரளவு வாய்க்கும் நடமாட்ட உரிமை பெண்களுக்கு வாய்ப்பதில்லை; எனவே தன்பாலீர்ப்புடைய பெண்களின் தனிமை இருமடங்காகிறது. தொலைபேசிச் சேவையும், தனித்துப் பேச இடமும் நேரமும் உள்ளவர்க்கே பயன்படும்.

இவ்விடைவெளியை நிரப்பக்கூடியவர்கள், ஊரில் ஏற்கனவே நம்பிக்கை பெற்றுள்ள கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியர், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் விடுதிக் காப்பாளர், கல்லூரி விரிவுரையாளர் ஆகியோரே. இவர்கள் அனைவரும் உளவியல் வல்லுநராக வேண்டுவதில்லை. பதற்றமின்றிக் கேட்டல், ‘இது நோயன்று’ எனக் கூறல், பிறரிடம் கூறாதிருத்தல், உரிய இடத்திற்கு வழிகாட்டல் ஆகிய நான்கையும் அறிந்திருப்பின் போதும். மருள்நீக்கவும் பரிகாரம் செய்யவும் குடும்பம் முனையும்போது, ‘முதலில் மருத்துவரிடம் பேசுவோம்’ என்று கூறி நேரம் பெற்றுத் தருவதும் வெறிவிலக்கலே. ஆனால் அம்மருத்துவர் ஏற்புநிலையினர் என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இல்லையேல் ஒரு வெறியாட்டினின்று மற்றொன்றுக்கு அனுப்பியதாகிவிடும்.

10. முடிவுரை

தன்பாலீர்ப்பினரின் நல்வாழ்வுக்குத் தடையாக இருப்பது அவர்களுடைய ஈர்ப்பு அன்று. அதனை நோயாகக் காணும் சூழலே என்பதை அறிவியல் ஆய்வுகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒருங்கே காட்டுகின்றன. ஆகவே, ஆற்றுப்படுத்துநரின் பணி இரு திசைகளில் அமைகிறது. நாடி வருபவர்க்கு வழியின் இடர்களையும் தங்குமிடங்களையும் கூறி, அவர் தம் முடிவைத் தாமே எடுக்கத் துணைநிற்றல் ஒன்று. குடும்பம், பள்ளி, காவல்துறை ஆகியவற்றின் புரிதலை மாற்றுதல் மற்றொன்று.

அடையாள வளர்ச்சிக் கோட்பாடுகளை அவ்வாறே பெயர்த்து வைப்பதை விடுத்து, உறவமைப்பு, திருமண நெருக்கடி, பெண்களின் நடமாட்டக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு தகவமைத்தல் வேண்டும். ஆற்றுப்படுத்தல், வெறிவிலக்கல், அறத்தொடு நிற்றல் ஆகிய சொற்கள் அப்பணிக்குத் தமிழ் வழங்கும் கருவிகளாகும். மனநலப் பயிற்சிக் கையேடுகளைத் தமிழில் உருவாக்குவதில் தமிழ்த்துறையினரும் உளவியல் துறையினரும் இணைந்து செயற்படுவராயின், வேலூர் மாவட்டத்து வழக்கில் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்த துயரம், இனி ஊரளவிலேயே ஒரு செவிலியாலோ ஆசிரியராலோ தவிர்க்கப்படும் வாய்ப்பு உண்டாகும்.